மூணு ஸ்ட்ரோக் பிள்ளை

ஜெயக்கொடி டீச்சரின் புல்லட் முழுகாமல் இருக்கிறது என்ற செய்தி, ஒரு புதன்கிழமை காலை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சிக்கந்தர் பாயின் பட்டறையிலிருந்து கிளம்பி, டீக்கடை, பூ மார்க்கெட், கோர்ட் வாசல், பிரியாணிக் கடை வரிசை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் மலைக்கோட்டையை ஒரு சுற்று சுற்றி முடித்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் “அதெப்படி?” என்று கேட்கவில்லை. “அப்பன் யாரு?” என்றுதான் கேட்டார்கள்.

டீச்சர் என்றால் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, வயது நாற்பத்தாறு. ஒரு மாதமாகவே வண்டி சரியில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு கரண்டி ஆயிலைக் கக்கும். மேம்பாலம் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கும். பெட்ரோல் பங்கைக் கண்டால் ஹேண்டில்பார் தானாக அந்தப் பக்கம் திரும்பும். சிக்கந்தர் பாய் ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

“டீச்சரம்மா, ரெண்டு துடிப்பு கேக்குது.”

“வால்வு அடிக்குதா பாய்?”

“வால்வு இல்லம்மா. நல்ல செய்தி. இனிமே கிக்கரை ஓங்கி மிதிக்காதீங்க. பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க.”

அப்பன் யார் என்ற கேள்வி ஏன் அவ்வளவு பெரிய கேள்வி என்றால், எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு சங்கமாகப் பிரிந்து பல வருடம் ஆகிறது. ஒன்று சிம்மகர்ஜனை புல்லட் கழகம்; டைல்ஸ் கடை பூமிராஜா தலைவர், ஜெயக்கொடி டீச்சர் துணைத் தலைவர். இவர்கள் முதுகு வளையாமல், நடு ரோட்டில், நாற்பதுக்கு மேல் முள் ஏறாமல், சாமி ஊர்வலம் போவது போலப் போவார்கள். இன்னொன்று நீலப்புகை நண்பர்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள். வளைவு வந்தால் வண்டியோடு சேர்ந்து படுத்து, முழங்கால் தார் ரோட்டை உரச, நீலப் புகையை விட்டுக்கொண்டு போவார்கள். அதில் ஆக இளையவருக்கே வயது நாற்பத்தொன்று. இரண்டு கூட்டமும் ஞாயிறுதோறும் சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும். எல்லாருடைய ஹெல்மெட்டிலும் கேமரா. தாங்கள் ஓட்டுவதையும் படம் எடுப்பார்கள், எதிராளி தடுமாறுவதையும் எடுப்பார்கள். திங்கட்கிழமை அதைச் சேனலில் ஏற்றிவிட்டு, செவ்வாய் முதல் சனி வரை கமெண்ட்டில் அடித்துக்கொள்வார்கள். “இவனுக ஓட்டுறது வண்டியா, கொசு மருந்து மிஷினா?” என்று புல்லட்காரர்கள் எழுத, “நாலு தடவை மூச்சு விட்டு ஒரு தடவை வேலை செய்யுற கவர்மெண்ட் எஞ்சினுக்கு வாயைப் பாரு” என்று அவர்கள் எழுதுவார்கள். ஒருவர் டீ குடிக்கும் கடையில் மற்றவர் குடிப்பதில்லை. புல்லட் வீட்டுப் பையன் ஒருவன் ஆசைப்பட்டு டூ-ஸ்ட்ரோக் வாங்கியபோது, அவன் அப்பா ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை.

ஆகவே செய்தி பரவிய அன்று மாலை பூமிராஜா தன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “நம்ம ஆளுக வண்டியாத்தான் இருக்கும். யாருன்னு தெரிஞ்சா முடிச்சு வச்சுரலாம்.”

யார் என்பது நீலப்புகைச் செயலாளர் அலோசியஸுக்கு மட்டும் தெரியும். அலோசியஸ் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்த எதையும் அழிக்க மனம் வராதவர். ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மலை மேல் பேய் மழை பிடித்து, இருந்த ஒரே டீக்கடைக்குள் இரண்டு சங்கமும் முறைத்துக்கொண்டு ஒண்ட வேண்டியதாயிற்று. வண்டிகளை எல்லாம் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். அலோசியஸ் தன் கேமராவை அணைக்க மறந்து வெளிப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அதைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். சாவி இல்லாமல், ஆள் இல்லாமல், டீச்சரின் புல்லட் ஓர் அங்குலம் சாய்கிறது. அலோசியஸின் டூ-ஸ்ட்ரோக் முன் சக்கரத்தை மெல்லத் திருப்புகிறது. ஒன்றிலிருந்து வெள்ளைப் புகையும் மற்றதிலிருந்து நீலப் புகையும் கிளம்பி, தார்ப்பாய்க்கு அடியில் ஜடை போலப் பின்னிக்கொள்கின்றன. அதற்கப்புறம் கேமராக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

அலோசியஸ் நேர்மையானவர். நேர்மையாக இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, வீடியோவைச் சேனலில் ஏற்றுவது. ஏற்றினார். அரை மணி நேரத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே பார்க்கக் கூடாது என்று அதைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் அவர் தன் மனைவியோடு, ஒரு தட்டில் சிறுமலை வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற டூ-டி ஆயில் ஒரு லிட்டர் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“தப்பு எங்க பக்கம்தான் டீச்சர்.”

“வண்டிய ஒழுங்கா பூட்டி வைக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“சைடு லாக் போட்டுத்தான் டீச்சர் வச்சிருந்தேன்.”

“பூட்டுக்குப் பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு பேசுற பேச்சா இது?”

டீச்சரின் கணவர் சௌந்தரம் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்; ஸ்கூட்டி ஓட்டுபவர். அவர் அடுப்படியிலிருந்து காபியோடு வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், “ஆனது ஆயிப்போச்சு. மொதல்ல உக்காருங்க சம்பந்தி” என்றார். அந்த வார்த்தை அறையில் விழுந்ததும் நாலு பேரும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டீச்சர் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஊர் தன்னை மாற்றிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரமே சினிமா தியேட்டரில் வண்டி நிறுத்தும் இடத்தில் கயிறு கட்டி ஆண், பெண் என்று இரண்டாகப் பிரித்தார்கள். வயதுக்கு வந்த பெண்ணின் ஸ்கூட்டருக்குக் கணுக்கால் வரை உறை தைத்துக் கொடுக்க மூன்று தையல் கடைகள் போர்டு மாட்டின. கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை வீட்டார் வண்டியும் பெண் வீட்டார் வண்டியும் முகூர்த்தம் முடியும் வரை எதிரெதிர் வாசலில் நின்றன. மழை வந்தால் அவரவர் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரவர் வண்டியைத் தனியாக நகர்த்தி நிறுத்தினார்கள். ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் மட்டும் இது நடக்க முடியாது என்று லைப்ரரியில் கூட்டம் போட்டுப் பேசினார். கேட்க வந்த ஏழு பேரும், எதற்கும் இருக்கட்டும் என்று, தங்கள் சைக்கிள்களைத் தள்ளித் தள்ளியே நிறுத்தியிருந்தார்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. ஹேண்டில்பார் இரண்டிலும் கண்ணாடி வளையல், டேங்கில் சந்தனம், சித்ரான்னம் மாதிரி ஐந்து வகை ஆயில் ஐந்து கிண்ணத்தில். சிம்மகர்ஜனைக் கழகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பூமிராஜா டீச்சருக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்: “பதினாறு வருஷமா துணைத் தலைவரா இருக்கீங்க. யோசிச்சுக்கங்க.” டீச்சர் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று பந்தி பரிமாறும்போது இரண்டு முறை தேவையில்லாமல் விசில் ஊதினார்.

ஆவணி மாதம், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, சிக்கந்தர் பாயின் பட்டறையில் பிறந்தது. ஆட்டுக்குட்டி அளவு. அம்மாவின் டேங்க், அப்பாவின் சைலன்சர். சாவித் துவாரம் என்று ஒன்று இல்லவே இல்லை. பாய் அதைத் துணியால் துடைத்து, கவிழ்த்துப் பார்த்து, “பையன்” என்றார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பிறகு எஞ்சினில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டவர், விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“என்ன பாய்? அம்மா மாதிரி நாலு ஸ்ட்ரோக்கா, அப்பன் மாதிரி ரெண்டா?” என்றார் அலோசியஸ்.

“ரெண்டுமில்ல. மூணு.”

மூணு ஸ்ட்ரோக் எஞ்சின் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் டப்-டப்-ரிங், டப்-டப்-ரிங் என்று அது எங்கள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. சங்கில் பெட்ரோலும், அப்பா வழிக்காக இரண்டு சொட்டு ஆயிலும் கலந்து புகட்டினார்கள். டீச்சர் தினமும் தாயையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் மைதானத்து வேப்ப மரத்தடியில் நிறுத்துவார். தாய் கண்ணில் படாவிட்டால் அது ஹாரனை அழுத்தி அழுதது. அலோசியஸின் மனைவி ஞானஸ்நானம் கொடுக்கக் கேட்டதற்கு, பாதிரியார் நன்றாக யோசித்து, “தண்ணி ஊத்துனா கார்புரேட்டர்ல எறங்கிரும்மா” என்று சொல்லி ஜெபம் மட்டும் செய்து அனுப்பினார். வண்டிப் பதிவு அலுவலகத்தில் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிய அதிகாரி, “பதினெட்டு வயசு முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பூமிராஜா கூட்டம் போட்டார். ஒரு சனிக்கிழமை மாலை, அவருடைய டைல்ஸ் கிடங்கில். இரண்டு சங்கமும் வந்திருந்தன. நீலப்புகைக்காரர்களிலும் பாதிப் பேருக்கு இந்தப் பிள்ளை பிடிக்கவில்லை. ரகசியமாகவேனும் இரண்டு சங்கமும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

“இது எந்த ஜாதி வண்டி?” என்றார் பூமிராஜா. “எந்த கம்பெனி? எந்த மாடலு? நாளைக்கு இதுமாதிரி பத்து வந்தா புல்லட்டுன்னு ஒண்ணு இருக்குமா? பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிருவோம். டீச்சருக்கும் நிம்மதி.”

டீச்சர் எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “தலைவரே, அந்தக் கடைக்காரன் தராசுல மொத நான் ஏறுறேன். அப்புறம் அதை வைங்க.”

அலோசியஸ் எழுந்து டீச்சரின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நீலப்புகைக்காரர் புல்லட்காரர் பக்கத்தில் வந்து நின்றதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

கடைசியில் பூமிராஜா ஒரு வழி சொன்னார். மறுநாள் ஞாயிறு அந்த வண்டி பதினெட்டு வளைவும் ஏற வேண்டும், ஆளை ஏற்றிக்கொண்டு, இரண்டு சங்கத்தின் கேமரா முன்னால். ஏறினால் அவர் வாயைத் திறக்க மாட்டார். நின்றுபோனால் அங்கேயிருந்து நேராக இரும்புக் கடை.

இதற்குள் அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆனாலும் ஐம்பது கிலோவுக்கு மேல் தாங்காது. டீச்சர் எழுபத்திரண்டு, அலோசியஸ் தொண்ணூறு. சங்கங்களில் மெலிந்தவர் என்று யாரும் இல்லை. ஞாயிறு ரைடு எல்லாம் பிரியாணியில்தான் போய் முடியும். அப்போது சிக்கந்தர் பாய், “நான் நாப்பத்து மூணு கிலோ” என்றார். ஊரில் உள்ள அத்தனை வண்டியையும் பிரித்து மாட்டியவர் அவர். ஆனால் அவருக்கென்று வண்டி கிடையாது, பட்டறைக்கு டவுன் பஸ்ஸில் வருவார். எந்த வண்டியையும் பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். சிறுமலையைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்ததோடு சரி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். ஒரு சங்கத்தின் கேமராவை மற்றச் சங்கம் நம்பாததால், ஹெல்மெட்டில் இரண்டு பக்கமும் எருமைக் கொம்பு மாதிரி இரண்டு கேமராக்கள். முன்னால் வண்டி, பின்னால் நாற்பது புல்லட், அதற்கும் பின்னால் டூ-ஸ்ட்ரோக்குகள். நிமிர்ந்து ஓட்டுவாரா, படுத்து ஓட்டுவாரா என்று பார்க்க நேரலையில் பதினோராயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வளைவில் பாய் நிமிரவும் இல்லை, படுக்கவும் இல்லை. தேங்கின தண்ணீரைத் தாண்டுகிறவர் போல ஒரு காலை நீட்டி, வளைந்து, காலை மடக்கிக்கொண்டு போனார். “இது என்ன ஸ்டைலு?” என்று ஒருவர் கமெண்ட்டில் கேட்க, “ரேஷன் வாங்கிட்டு வீட்டுக்குப் போற ஸ்டைலு” என்று இன்னொருவர் எழுதினார்.

பதினாலாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது.

பாய் உதைத்தார். பதினொரு தடவை உதைத்தார். பிளக்கைக் கழற்றிக் கைலி நுனியில் துடைத்து மாட்டி மறுபடி உதைத்தார். பின்னால் பூமிராஜா, “போதும் பாய், எறங்குங்க” என்றார், அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. டீச்சர் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். பாய் இறங்கினார். இறங்கி, ஹெட்லைட் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். இடது கேமராவில் காற்றுச் சத்தம்தான் இருக்கிறது. வலது கேமராவில் கேட்கிறது.

“பந்தயத்துக்காக வேணாம், அவங்களுக்காகவும் வேணாம்யா. நான் மேல இருந்து நம்ம ஊரைப் பாத்ததே இல்ல. கூட்டிட்டுப் போறியா?”

டப்-டப்-ரிங். யாரும் உதைக்கவில்லை.

பதினெட்டாவது வளைவு முடிந்ததும் டீச்சர் ஊதிய விசிலில் மரத்துக் குரங்கெல்லாம் இறங்கி ஓடிவிட்டன. அலோசியஸ் அழுதுகொண்டே படம் எடுத்தார். மாலையோடு முன்னால் போய் நின்றவர்கள் பாய் நிறுத்துவார் என்று பார்த்தார்கள். பாய் நிறுத்தவில்லை. கும்பிடு போட்டுக்கொண்டே அவர்களைத் தாண்டினார், டீக்கடையைத் தாண்டினார், வாழைத்தோட்டத்தைத் தாண்டி, குதிரைகள் பொதி இறக்குகிற பாதைக்குள் நுழைந்து மறைந்தார். எல்லாரும் போனை எடுத்து நேரலையைப் பார்த்தார்கள். ஒரு பிடரி மயிர் தெரிந்தது, புல் தெரிந்தது, யாரோ நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டது. பாய் இரண்டு கேமராவையும் கழற்றி ஒரு பொதிக் குதிரையின் கழுத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார் என்பது புரிய மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை பதினோராயிரம் பேரும் குதிரை மேய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அந்தச் சேனலில் ஆக அதிகம் பேர் கடைசி வரை பார்த்த வீடியோ அதுதான்.

பாய் ஒன்பது நாள் வரவில்லை. அவர் மனைவி ஜன்னத்திடம் கேட்டால், “எங்கயும் போகாத மனுசன், போயிட்டு வரட்டுமே” என்றார். பட்டறை பூட்டிக் கிடந்தது. ஊரில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. செயின் கழன்றது, கிளட்ச் வயர் அறுந்தது, வேறு மெக்கானிக் கை வைத்தால் இருந்ததும் கெட்டது. ஒன்பதாம் நாள் கோயம்புத்தூர் ஜோடி ஒன்று தனுஷ்கோடியில் எடுத்துப் போட்ட வீடியோவில், அவர்கள் முத்தமிட்டுக்கொள்கிற இடத்துக்குப் பின்னால், கைலி கட்டின ஒருவர் ஒரு வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார்.

இரண்டு சங்கமும் கிளம்பின. ஓடுகிற நிலையில் மொத்தமே பதினேழு வண்டிகள் இருந்தன, அதில் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். பூமிராஜாவின் புல்லட் அன்று காலை இருமக்கூட இல்லை. வேறு வழியில்லாமல் அவர் அலோசியஸின் வண்டியில் பின்னால் ஏறினார். மானாமதுரை வரை பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பரமக்குடியில் அலோசியஸின் தோளைப் பிடித்தார். பாம்பன் பாலத்துக் காற்றில் இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டார். புல்லட்டுகள் மெதுவாகப் போவதால் டூ-ஸ்ட்ரோக்குகள் அங்கங்கே நின்று காத்திருந்தன. நிற்கிற இடத்தில் டீக்கடை இருந்ததால் எல்லாரும் ஒரே கடையில் குடிக்க வேண்டியதாயிற்று.

ரோடு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் கடல் தெரிய, பாய் நின்றிருந்தார். வெயிலில் கறுத்துப்போயிருந்தார். பக்கத்தில் வண்டி முழு ஆளாக வளர்ந்து, டேங்கில் உப்புப் படிந்து நின்றது. டீச்சர் அதைச் சுற்றி வந்து, டேங்கைத் துடைத்து, “ஒரு போன் பண்ணணும்னு தோணலைல்ல?” என்றார். பாயைக் கேட்டாரா, வண்டியைக் கேட்டாரா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

பூமிராஜா தள்ளியே நின்றிருந்தார். அரை மணி நேரம் கடலைப் பார்க்கிறவர் போல வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “பாய்… ஒரு ரவுண்டு” என்றார்.

“சாவி இல்ல தலைவரே. உதைச்சாலும் இப்பல்லாம் எந்திரிக்கிறதில்ல. கேக்கணும்.”

“என்னன்னு கேக்க?”

“உங்களுக்கு என்ன வருதோ அப்படி.”

பூமிராஜா ஏறி உட்கார்ந்தார். இரண்டு சங்கத்துக் கேமராவும் அவர் மீசையைப் பார்த்துத் திரும்பின. “டேய், ஸ்டார்ட் ஆகு” என்றார். அலைதான் அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, ஒரு ரவுண்டு போலாமா?” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் இறங்கினார். கூலிங் கிளாஸைக் கழற்றிப் பையில் போட்டார். வேட்டிக் கரை மணலில் புரள, ஹெட்லைட்டுக்கு நேரே குத்த வைத்து உட்கார்ந்து, டேங்கில் கை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நாங்கள் காத்திருந்தோம்.

“மாப்ள” என்றார்.

வண்டி ஸ்டார்ட் ஆனது.